கோமதி துண்டு போட்ட ஆணி

போன வாரம், புதிதாக வேலைக்குச் சேர்ந்த இரண்டு பெண்கள் நோட்டும் பேனாவுமாக என் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். "டீச்சர், நீங்க சேர்ந்த புதுசுல எந்தப் புஸ்தகத்த வச்சுச் சொல்லிக் கொடுத்திய?" என்று கேட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புத்தகம் எங்கே இருந்தது? ஓர் ஆணிதான் இருந்தது. அதை வாயால் சொன்னால் இவர்கள் நம்பமாட்டார்கள் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

எனக்கு வயது முப்பது. முப்பது வயதில் ஓய்வு பெறுகிறேன். வருகிற ஆவணியில் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு நாகர்கோவிலில் வேலை. "முப்பது வயசுலயா கல்யாணம்?" என்று கேட்டு முடித்த ஊர், இப்போது "முப்பது வயசுலயா ரிட்டயர்டு?" என்று கேட்க ஆரம்பித்திருக்கிறது. கேட்கட்டும். பத்து வருஷம் முழுசாக வேலை பார்த்துவிட்டு, பள்ளிக்கூட மணியையும் சாவிக்கொத்தையும் வருகைப் பதிவேட்டையும் ஒப்படைத்துக் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். அதற்குப் பெயர் ஓய்வுதான்.

என் அப்பா குற்றாலம் பேரருவிக் கரையில் எண்ணெய் தேய்க்கிறவர். சீசனுக்கு வருகிறவர்களைப் பலகையில் உட்காரவைத்து, உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை தேய்த்து அருவிக்கு அனுப்புவார். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாருக்கும் கையெழுத்துப் போடத் தெரியாது. நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய அன்று அப்பா அருவிக்கரை முழுக்க ஓடி ஓடிச் சொன்னாராம். பாதித் தலையில் எண்ணெயோடு ஒரு வக்கீல் அரைமணி நேரம் பலகையில் காத்திருந்தாராம்.

பிறகு பாளையங்கோட்டையில் இரண்டு வருஷம் ஆசிரியப் பயிற்சி. அதில் சொல்ல அதிகம் இல்லை. விடுதிச் சாம்பாரைச் சகித்துக்கொள்ளவும், கரும்பலகையில் கோணாமல் எழுதவும் கற்றுக்கொண்டேன். சர்டிபிகேட்டோடு ஒரு கறுப்புக் குடையும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினேன். குற்றாலத்துக்கு ஜனங்கள் நனைவதற்கென்றே வருகிறார்கள். அங்கே சாரலில் குடை பிடித்து நடந்த ஒரே ஆள் நான்தான். எங்கள் வீட்டில் எல்லார் கையிலும் எண்ணெய் வாடை அடிக்கும். என் கையில் மட்டும் சாக்பீஸ் வாடை அடிக்கப்போகிறது என்று எனக்கு அப்படி ஒரு கர்வம்.

அந்தக் கர்வத்துக்கு வேலை கிடைத்ததும் அப்பாவின் எண்ணெய்ப் பலகையில்தான்.

சங்கரலிங்கம் அண்ணாச்சி தென்காசிக் கோர்ட்டில் குமாஸ்தா. அவர் மகள் கோமதிக்குப் பிறந்ததிலிருந்தே புத்தி வளர்ச்சி குறைவு. ஒரு மண்டலம் அருவித் தண்ணீர் உச்சந்தலையில் விழுந்தால் புத்தி தெளியும் என்று யாரோ சொன்னதை நம்பி, ஒவ்வொரு சீசனுக்கும் கோமதியைக் கூட்டிக்கொண்டு வருவார். கடையநல்லூரில் கைலி நெய்கிற ரஹ்மத் பீவியும் அதே நம்பிக்கையில் தன் மகன் யூசுப்பைக் கூட்டி வருவார். இவர்களைப் போல இன்னும் நாலைந்து பேர். எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். "சும்மா, சீசனுக்கு வந்தோம்" என்று சொல்லிக்கொள்வார்கள். மூன்றாம் வருஷம் ரஹ்மத் பீவி பொறுமை இழந்துவிட்டார்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடப்படாது. மூணு வருஷமா நீங்களும் வாரிய, நானும் வாரேன். பிள்ளைகளுக்குப் புத்தி வந்த மாதிரித் தெரியல. நம்ம ரெண்டு பேருக்கும் சளிதான் வந்துருக்கு."

அண்ணாச்சி அருவிக்கரையில் சிரித்ததை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்ததாக அப்பா சொல்லுவார். அந்தச் சிரிப்பில்தான் எங்கள் பள்ளிக்கூடம் ஆரம்பித்தது. குற்றாலத்தில் சீசன் பங்களாக்கள் மூன்று மாதம்தான் நிரம்பி வழியும். மற்ற ஒன்பது மாதமும் வௌவாலுக்குத்தான். மதுரைக்கார முதலாளி ஒருவருடைய பங்களாவை அண்ணாச்சி அந்த ஒன்பது மாதத்துக்குக் கேட்டு வாங்கினார். பிள்ளைகள் ஏழு பேர் சேர்ந்தார்கள். வாத்தியார்தான் கிடைக்கவில்லை.

அண்ணாச்சி தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டே அப்பா சொன்னார்: "எங்க வீட்டுல ஒருத்தி சர்டிபிகேட்ட வச்சு விசிறிக்கிட்டு இருக்கா. அனுப்பட்டா?"

செங்கோட்டை திருவிதாங்கூரிலிருந்து நம் பக்கம் வந்த அடுத்த வருஷம் அது. புரட்டாசி மாதம், குடையும் பிரம்புமாக நான் பங்களாவுக்குள் நுழைந்தேன். அன்றைக்கே யூசுப் மூன்று சாக்பீஸ் தின்றான். கோமதி என் குடைமேல் உட்கார்ந்து ஒரு கம்பியை வளைத்தாள். பிரம்பை யாரோ கிணற்றில் போட்டுவிட்டார்கள். பஸ் கண்டக்டர் எங்கள் வாசலில் விசில் ஊதி, "கிறுக்குப் பள்ளிக்கூடம் எல்லாம் எறங்கு!" என்று கத்துவான். ரஹ்மத் பீவி இறங்கி நின்று, "ஏ தம்பி, நீயும் எறங்கி வாயேன். விசில் ஊதத் தெரிஞ்ச ஆளு ஒண்ணு வேணும்னு பிள்ளைக கேக்குது" என்பார். நாலு நாளில் அவன் சும்மா 'பள்ளிக்கூடம்' என்று கூப்பிட ஆரம்பித்தான்.

நான் 'அ' சொல்லிக் கொடுத்தேன். புரட்டாசியில் 'அ'. ஐப்பசியில் 'அ'. கார்த்திகையிலும் 'அ'. மணலில் எழுதினோம், மாவில் எழுதினோம், புளியங்கொட்டையில் அடுக்கினோம். கோமதி அடுக்கிய புளியங்கொட்டையை அள்ளி என் மடியில் கொட்டிவிட்டு அழகாகச் சிரிப்பாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. உருண்டை முகம், இரட்டைப் பின்னல்.

தை பிறந்ததும் ஒரு நாள் அண்ணாச்சி வந்தார். அவர் எதையும் தரையைப் பார்த்துத்தான் பேசுவார், மனு வாசிக்கிற மாதிரி.

"டீச்சர், 'அ' இருக்கட்டும். அது எங்கயும் ஓடிப் போகாது. கோமதிக்கு அம்மா இல்லங்கது உங்களுக்குத் தெரியும். இதுவரைக்கும் எங்க அக்காதான் குளிப்பாட்டுதா. அக்கா ஆடி மாசம் பம்பாய்க்கு மகன்ட்டப் போறா. திரும்பி வாரது மாதிரி இல்ல. பிள்ள வளந்துட்டா. நான் ஆம்பள. அக்கா மகன் மெட்ராஸ் பக்கம் ஒரு விடுதி பார்த்து வச்சுருக்கான். நானும் போய்ப் பார்த்தேன். ஜன்னல்ல கம்பி போட்டுருக்கு, கதவுலயும் கம்பி. பிள்ள தானாக் குளிச்சுட்டான்னா எங்கூட இருப்பா. இல்லன்னா அக்கா போற ரயில்லயே அவளும் போகணும்."

"அதுக்கு நான் என்ன செய்யணும் அண்ணாச்சி?"

"குளிக்கச் சொல்லிக் கொடுக்கணும்."

எனக்கு வந்தது இரக்கம் இல்லை, கோபம். எழுதிவிடுகிறேன், மறைப்பானேன். எண்ணெயும் துண்டும் இல்லாத வாழ்க்கைக்காகத்தானே நான் படித்தேன்? சுற்றிச் சுற்றி என் கையிலும் செம்பைத்தானே கொடுக்கிறார்கள்? காய்ச்சல் என்று சொல்லி மூன்று நாள் வீட்டில் படுத்துக்கொண்டேன். அப்பா நெற்றியில் கைவைத்துப் பார்த்தார்.

"ஏட்டி, காய்ச்சல் நெத்தியில இல்ல, மூக்கு நுனியில இருக்கு. முப்பது வருஷமாத் தலை தேய்க்கேன். அடுத்தவனுக்குச் சொல்லிக் கொடுன்னா எனக்குத் தெரியாது. அது வேற படிப்பாம்லா. அதத்தானே நீ படிச்சுட்டு வந்துருக்கே?"

நாலாம் நாள் குடையை எடுத்துக்கொண்டு போனேன்.

குளியலைப் படிகளாகப் பிரித்துக் கரும்பலகையில் எழுதினேன். துண்டை எடுப்பது ஒன்று, குளியலறைக்குள் போவது இரண்டு, பாவாடையை மார்புக்கு மேல் முடிவது மூன்று என்று போய், குளித்து முடித்துத் துண்டை ஆணியில் போடுவதில் பதினெட்டு வந்தது. "ஐயப்பன் கோயிலுக்கும் பதினெட்டுப் படிதான்" என்று அண்ணாச்சி பக்தியோடு சொன்னார். நான் முதல் படியிலிருந்து ஆரம்பித்தேன். மூன்றாவது படியில் கோமதி செம்பைத் தூக்கி எறிவாள். பத்து நாள் எறிந்தாள். செம்பு நசுங்கிப் போனது.

பெரிய டீச்சர் என்று எங்களுக்குள் யாராவது உண்டென்றால் அது ரஹ்மத் பீவிதான். அவருக்குத் தன் பெயர் எழுதத் தெரியாது. ஆனால் வாரத்தில் இரண்டு நாள் தறியை நிறுத்திவிட்டு முதல் பஸ்ஸில் வந்துவிடுவார். தப்பு என்று ஒருநாளும் சொல்லமாட்டார். பேசாமல் என் கையிலிருந்து சாக்பீஸை வாங்குவார், பலகையைத் துடைப்பார். முதல் தடவை எனக்கு முகம் சிவந்துவிட்டது.

"என்ன ராத்தா, ட்ரெயினிங் முடிச்சவ எழுதினத அழிக்கிய?"

"தறியில தப்பு இழை விழுந்தா ஏசிக்கிட்டா இருப்போம் டீச்சரம்மா? பிரிப்போம். எங்க வீட்டுல பிள்ளைக்குத் தொழில் பழக்கும்போது முதல் நாளு என்ன செய்வோம் தெரியுமா? பாவு நூலக் கட்டச் சொல்ல மாட்டோம். நெய்ஞ்சு முடிச்ச துணியத் தறியிலருந்து அறுக்கச் சொல்லுவோம். கத்திரியக் கையில கொடுத்து, கூடப் பிடிச்சு, நறுக்குன்னு. துணி கையில வந்துரும்லா? 'ஏய், நான் செஞ்சது'ன்னு ஓடும். மத்ததெல்லாம் அப்புறம் பின்னால போய்ப் பின்னால போய்ப் படிக்கும்."

அதாவது பதினெட்டாம் படியிலிருந்து கீழே இறங்க வேண்டும்.

அப்படியே செய்தோம். பதினேழு படியும் நாங்கள் செய்துவிடுவோம். பதினெட்டாவதை மட்டும் கோமதி செய்வாள்: துண்டை ஆணியில் போட வேண்டும். குளியலறை வாசலில் ஒரு பெரிய, வளைந்த ஆணி இருந்தது. யாரோ சுவருக்கு நீலச் சுண்ணாம்பு அடித்தபோது அதற்கும் சேர்த்து அடித்திருந்தார்கள். முதல் நாள் அவள் கையைப் பிடித்துப் போட்டேன். ஐந்தாம் நாள் முழங்கையைத் தொட்டேன். பத்தாம் நாள் ஒன்றும் தொடவில்லை. போட்டுவிட்டாள்! துண்டு ஆணியில் தொங்குவதைத் தள்ளி நின்று பார்த்தாள், கை தட்டினாள், எங்களையும் தட்டச் சொன்னாள்.

அதற்கப்புறம் பங்களாவில் எதுவும் தரையில் தங்கவில்லை. என் குடை ஆணியில். வருகைப் பதிவேடு ஆணியில். யூசுப்பின் தொப்பி ஆணியில். எங்களைப் பார்க்க வந்த பஞ்சாயத்து போர்டு அதிகாரி தோள் துண்டை நாற்காலியில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார். கிளம்பும்போது தேடினால் அதுவும் ஆணியில்.

தலை துவட்டுவது, காலைத் துடைப்பது, சோப்பைக் கழுவுவது என்று மாசியில் வேகமாக இறங்கினோம். எட்டாம் படியில் நின்றுவிட்டோம். தலையில் தண்ணீர் ஊற்ற வேண்டும். செம்பு தலைக்கு மேல் போனால் கோமதி அலறுவாள். மூன்று சீசன் அருவிக்கடியில் பிடித்து நிறுத்தி அந்தத் தலையை அடி வாங்க வைத்ததை அவள் மறக்கவில்லை. புத்தி வரட்டும் என்று செய்தது. அண்ணாச்சி முற்றத்தில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

நான்தான் போய் அப்பாவைக் கூட்டி வந்தேன். ஆமாம், நானே. பிள்ளைகள் சுற்றி உட்கார, அப்பா என்னை மணையில் உட்காரவைத்தார். ஒரு கையை என் உச்சந்தலையில் குடை மாதிரி விரித்துப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அந்தக் கையின்மேல் தண்ணீரை ஊற்றினார். தண்ணீர் தலையில் விழவில்லை; கையில் விழுந்து மெல்ல வழிந்தது.

"உச்சியில முதல்ல கைதான் இருக்கணும். தண்ணி கையக் கேட்டுட்டுத்தான் தலைக்கு வரணும்" என்றார்.

சர்டிபிகேட் வாங்கிய ஆசிரியை கட்டிய சேலையோடு சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தேன். கோமதி சிரித்துச் சிரித்துத் தரையில் உருண்டாள். பிறகு எழுந்து வந்து, தன் கையை என் தலையில் விரித்து வைத்து, செம்பைக் கவிழ்த்தாள். இன்னொரு செம்பு. இன்னொன்று. தவலை காலியாகும்வரை எனக்குத்தான் குளியல். மறுநாள் நான் அவள் கையை எடுத்து அவள் தலையிலேயே வைத்தேன். அலறவில்லை.

வைகாசி முடிவதற்குள் இரண்டாம் படிக்கு வந்துவிட்டோம். அப்போதுதான் எங்கள் மகா தப்பு தெரிந்தது. தென்காசி வீட்டில் கோமதி முழுக்கக் குளித்து முடித்துவிட்டு, ஈரத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் நின்று அழுதாளாம். அங்கே ஆணி இல்லை, கொடிக்கயிறுதான். அண்ணாச்சி கடைத்தெருவுக்கு ஓடி ஒரு புது ஆணி வாங்கி அடித்தார். அவள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடி அழுதாள். எங்கள் ஆணி நீலமாக, கோணலாக இருக்கும். இது அதில்லை. சீசன் வருவதால் பங்களாவையும் நாங்கள் காலி செய்தாக வேண்டும்.

"புடுங்கிட்டு வந்துருவோம்" என்றேன்.

"அது முதலாளியோட உடைமை டீச்சர்" என்றார் அண்ணாச்சி. கோர்ட்டு ஆள். உட்கார்ந்து மதுரைக்கு ஒரு கடிதம் எழுதினார்: தங்கள் பங்களாவின் பின்கட்டு மேற்குச் சுவரில் பதிந்துள்ள ஓர் ஆணியை, ஒரு சிறுமியின் நன்மையை உத்தேசித்து, அகற்றிக்கொள்ள அனுமதி வேண்டும்.

நாலாம் நாள் கார்டு வந்தது. "ஆணியை எடுத்துக்கொள்ளவும். சுவரை விட்டுவிட்டுப் போகவும்."

அந்தக் கார்டை வாசித்து வாசித்து ரஹ்மத் பீவிக்கு மூச்சுத் திணறுகிற அளவுக்குச் சிரித்தோம். அண்ணாச்சி ஆணியைப் பிடுங்கி, கைக்குட்டையில் பொதிந்து, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனார். வீட்டில் அதே உயரத்தில் அடித்தார். கோமதி தடவிப் பார்த்தாள். துண்டைப் போட்டாள். கை தட்டினாள்.

மிச்சம் இருந்தது முதல் படி. அதைத்தான் எங்களால் சொல்லிக் கொடுக்க முடியவில்லை. "கோமதி, குளி" என்றால் துண்டை எடுப்பாள். சொல்லாவிட்டால் சாயங்காலம் வரை அப்படியே இருப்பாள். கோமதியின் அத்தைக்கு, அதாவது அண்ணாச்சியின் அக்காவுக்கு, அது பிடிக்கவில்லை. கெட்டவர் இல்லை அவர். பன்னிரண்டு வருஷம் குளிப்பாட்டிய கை அது. பயம்.

"சங்கரலிங்கம் கோர்ட்டுக்குப் போயிருவான். காய்ச்சல்னு படுத்துருவான். அன்னைக்கு யாரு சொல்லுவா? ஒருத்தரும் சொல்லாம அவளாப் போகட்டும். அப்ப நான் நிம்மதியா ரயிலேறுதேன். இல்லன்னா அவ துணியையும் சேர்த்துக் கட்டியாச்சு."

ரயிலுக்குப் போகிற அன்று காலை. நல்ல சாரல். வாசலில் இரண்டு டிரங்குப் பெட்டிகள்; சின்னது கோமதியுடையது. தெருமுனையில் காற்று என் குடையைத் திருப்பிவிட்டதால் நான் முழுக்க நனைந்துபோய் உள்ளே வந்தேன். ரஹ்மத் பீவி முதல் பஸ்ஸிலேயே வந்து உட்கார்ந்திருந்தார். யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று ஏற்பாடு. ஆணியில் கிடந்த துண்டை எடுத்துத் தலையைத் துவட்டிவிட்டு, பதற்றத்தில் பெஞ்சின்மேல் போட்டுவிட்டு நானும் உட்கார்ந்தேன்.

கோமதி இட்லி தின்றாள். ஒன்று, இரண்டு, மூன்று. விரலை நக்கினாள். மழையைப் பார்த்தாள். அண்ணாச்சி தரையைப் பார்த்தார். அத்தைக்குத் தாங்கவில்லை, "கோ..." என்று வாயைத் திறந்தார். ரஹ்மத் பீவி தட்டிலிருந்த இட்லியை எடுத்து அந்த வாயில் அடைத்துவிட்டார். அத்தை கண் பிதுங்க மென்றார். எனக்குச் சிரிப்பு முட்டியது. சிரித்தால் எல்லாம் போச்சு. சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டேன்.

கோமதியின் கண் பெஞ்சுக்கு வந்தது. துண்டு ஆணியில் இல்லை. பெஞ்சில் கிடக்கிறது. அவளால் அதைப் பொறுத்துக்கொள்ள முடியுமா? எழுந்தாள். துண்டை எடுத்தாள். ஆணிக்கு நேராகப் போனாள். போடுவதற்குக் கையைத் தூக்கினாள். கையில் துண்டு, எதிரே குளியலறை வாசல். அப்படியே நின்றாள். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

பாவாடை முடிகிற சரசரப்பு. தவலை மூடி. செம்பு. அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு விரலை மடக்கினார். எட்டாம் விரலில் நிறுத்தினார். தண்ணீர் விழுகிற சத்தம் வந்தது, கையில் விழுந்து வழிகிற மெல்லிய சத்தம். அவர் அந்த எட்டாம் விரலை மடக்கினார்.

சட்டையை முன்பின்னாகப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். துண்டை ஆணியில் போட்டாள். கை தட்டினாள். நாங்கள் நாலு பேரும் அசையாமல் இருந்ததைப் பார்த்து, "தட்டு!" என்றாள்.

தட்டினோம். தெருவே எட்டிப் பார்க்கிற மாதிரித் தட்டினோம்.

அத்தை இட்லியை விழுங்கிவிட்டுக் கேட்டார்: "ஏ, இது அவளாப் போனதா? துண்டு கீழ கெடந்ததாலல்லா போனா?"

"ஆமா ஆச்சி, துண்டுதான் சொல்லிச்சு" என்றார் ரஹ்மத் பீவி. "சொன்னா என்ன? துண்டு பம்பாய் போவாது."

அத்தை சின்ன டிரங்குப் பெட்டியைத் தானே தூக்கி உள்ளே கொண்டுபோய் வைத்தார். மத்தியானம் ரயிலில் ஒரு பெட்டிதான் போனது.

அன்றிலிருந்து இன்றுவரை அண்ணாச்சி தினமும் காலையில் காபி குடித்ததும் துண்டை ஆணியிலிருந்து எடுத்துப் பெஞ்சில் போடுகிறார். அவருடைய வேலை அவ்வளவுதான். புதிய டீச்சர்களே, நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: கடைசியிலிருந்து ஆரம்பியுங்கள், வீட்டில் ஆணி இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். கோமதிக்கு 'அ' இன்னும் வரவில்லை. அது எங்கும் ஓடிப் போகாது.

இன்று காலை சொல்லிக்கொள்ள அவள் வீட்டுக்குப் போனேன். இருபத்திரண்டு வயது, அதே உருண்டை முகம். நான் நாகர்கோவில் போகிறேன் என்று மூன்று தரம் சொன்னேன். புரிந்ததா தெரியவில்லை. வாசலில் சாய்த்து வைத்திருந்த என் குடையைப் பார்த்தாள், அவள் வளைத்த கம்பி இன்னும் வளைந்தே இருக்கிற அதே குடை. எடுத்துக்கொண்டு போய் நீல ஆணியில் மாட்டினாள். தள்ளி நின்று பார்த்தாள்.

"தட்டு" என்றாள்.

தட்டினேன். குடையை அங்கேயே விட்டுவிட்டு, சாரலில் நனைந்துகொண்டே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக, எங்கள் ஊர்க்காரி மாதிரி.